பக்கத்து நட்சத்திரத்துக்குப் போக எத்தனை வருஷம் ஆகும்? ஒரகடத்தில் இருந்து ஒரு கணக்கு

2025 ஏப்ரலில் ஒரு செய்தி மொபைல் மொபைலாகச் சுற்றியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் இந்திய விஞ்ஞானி நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு, கே2-18பி என்ற கோளின் காற்றில் ஒரு வேதிப்பொருளின் தடயம் தெரிவதாகச் சொன்னது. பூமியில் அந்தப் பொருளைப் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்கள்தான் உருவாக்குகின்றன. 'ஆதாரம் போதாது' என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அதற்குள் 'இரண்டாவது பூமி கிடைச்சாச்சு' என்று வாட்ஸ்அப் ஃபார்வேர்டுகள் கிளம்பிவிட்டன.

அந்தக் கோள் இருப்பது 124 ஒளியாண்டு தூரத்தில். சரி, அங்கே மனிதன் போக எவ்வளவு காலம் ஆகும்? அவ்வளவு தூரம் வேண்டாம், சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரத்துக்குப் போகவாவது எவ்வளவு ஆகும்?

வேகம், எடை, எரிபொருள். இந்த மூன்றும்தான் மொத்தக் கணக்கு. தமிழ்நாட்டில் இந்த மூன்றையும் தினமும் கையாளும் இடம் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்சாலைப் பகுதி. கார், லாரி, பைக், மொபைல் என எல்லாம் உருவாகும் இந்தப் பகுதியில், வல்லம் வடகாலில் டிட்கோவின் ஏரோஸ்பேஸ் பூங்காவும் இருக்கிறது. அதனால் கணக்கை இங்கிருந்தே தொடங்கலாம்.

தூரம் எவ்வளவு?

சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரம் பிராக்ஸிமா சென்டாரி. தூரம் 4.24 ஒளியாண்டு. ஒளி ஒரு விநாடிக்கு சுமார் 3 லட்சம் கி.மீ. போகும். அந்த வேகத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் போனால் கடக்கும் தூரம்தான் ஓர் ஒளியாண்டு. கிலோமீட்டரில் சொன்னால், பிராக்ஸிமா சுமார் 40 லட்சம் கோடி கி.மீ. தள்ளி இருக்கிறது.

இந்த எண் மனசில் நிற்காது. அதனால் எல்லாவற்றையும் சுருக்கிப் பார்ப்போம். ஒரகடம் சந்திப்பில் சூரியன் இருக்கிறது, அதிலிருந்து சரியாக 1 மீட்டர் தள்ளி பூமி இருக்கிறது என்று வெச்சுக்கோங்க. இந்த அளவில்:

• பூமியில் இருந்து நிலா: இரண்டரை மில்லிமீட்டர்
• ஆதித்யா எல்-1 நிற்கும் இடம்: பூமியில் இருந்து 1 சென்டிமீட்டர்
• கடைசிக் கோளான நெப்டியூன்: சூரியனில் இருந்து 30 மீட்டர், அதாவது ரோட்டுக்கு அந்தப் பக்கம்
• மனிதன் அனுப்பியதிலேயே மிகத் தொலைவில் இருக்கும் வாயேஜர் 1: சுமார் 170 மீட்டர்
• பிராக்ஸிமா சென்டாரி: 268 கிலோமீட்டர், அதாவது கிட்டத்தட்ட திருச்சி

மனிதர்கள் நேரில் போய்வந்தது நிலா வரைக்கும்தான். இந்த அளவில் அது இரண்டரை மில்லிமீட்டர். அடுத்த நட்சத்திரம் திருச்சியில் இருக்கிறது.

இப்போதைய வேகத்தில் போனால்?

பிராக்ஸிமாவுக்கு நிற்காமல் நேராகப் போவதாக வைத்து ஒவ்வொரு வேகத்துக்கும் கணக்குப் போட்டால் இப்படி வருகிறது:

• 60 கி.மீ. வேகத்தில் ஒரு லாரி: 7.6 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதற்கும் முன்பே கிளம்பியிருக்கணும்.
• 900 கி.மீ. வேகத்தில் பயணிகள் விமானம்: சுமார் 51 லட்சம் ஆண்டுகள்
• 28,000 கி.மீ. வேகத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையம்: சுமார் 1.63 லட்சம் ஆண்டுகள்
• 1969-ல் பூமிக்குத் திரும்பும்போது அப்போலோ 10 வீரர்கள் தொட்ட வேகம், சுமார் 39,900 கி.மீ.: சுமார் 1.15 லட்சம் ஆண்டுகள்
• சுமார் 61,000 கி.மீ. வேகத்தில் போகும் வாயேஜர் 1: சுமார் 75,000 ஆண்டுகள்
• 2024 டிசம்பர் 24-ல் சூரியனை நெருங்கியபோது நாசாவின் பார்க்கர் விண்கலம் தொட்ட வேகம், 6.92 லட்சம் கி.மீ.: சுமார் 6,600 ஆண்டுகள்
• ஒளி: 4 ஆண்டு 3 மாதம்

எல்லாமே மணிக்கு இத்தனை கி.மீ. என்ற கணக்கு. இதில் மனிதர்கள் உள்ளே உட்கார்ந்து போன வேகம் அப்போலோ வரைக்கும்தான். அதற்குக் கீழே இருப்பவை ஆளில்லாத கலங்கள்.

பார்க்கர் கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த வேகம் சூரியனின் ஈர்ப்பு இழுத்ததால் வந்தது. மேட்டில் இருந்து இறங்கும் சைக்கிள் மாதிரி. சூரியனை விட்டு விலகும்போது அந்த வேகம் குறைந்துவிடும். அதை அப்படியே வெளியே கொண்டுபோக முடியாது. ஒருவேளை முடியும் என்றே வைத்தாலும், 2,600 ஆண்டுகளுக்கு முந்தைய கீழடி காலத்தில் கிளம்பியிருந்தால், அந்தக் கலம் இன்றுகூடப் பாதி வழியைத் தாண்டியிருக்காது.

124 ஒளியாண்டு தள்ளி இருக்கும் கே2-18பி? வாயேஜர் வேகத்தில் சுமார் 22 லட்சம் ஆண்டுகள்.

இன்னும் பெரிய ராக்கெட் கட்டினால் போதாதா?

போதாது. ஒரகடம் ரோட்டில் கார்களை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். வழியில் எத்தனையோ பங்க் இருக்கிறது, டீசல் போட்டுக்கொள்ளலாம். இப்போது வழியில் ஒரு பங்க்கூட இல்லை என்று நினைத்துப் பாருங்கள். முழுப் பயணத்துக்கான டீசலையும் லாரியே சுமக்கணும். டீசல் ஏறினால் எடை ஏறும். அந்த எடையை இழுக்க இன்னும் டீசல் வேணும். அந்த டீசலுக்கும் எடை உண்டு.

ராக்கெட்டின் நிலைமை இதுதான். இதைச் சமன்பாடாக எழுதி 1903-ல் வெளியிட்டவர் ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி. இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட்டையே எடுத்துக்கலாம். மொத்த எடை 640 டன். 2025 நவம்பர் 2-ல் அது கொண்டுபோன சிஎம்எஸ்-03 செயற்கைக்கோளின் எடை 4,410 கிலோ. அதாவது 145 கிலோ கிளம்பினால் 1 கிலோதான் போய்ச் சேருகிறது. அதுவும் பூமியைச் சுற்றும் பாதைக்கே.

இன்றைய சிறந்த ரசாயன எரிபொருளான திரவ ஹைட்ரஜன் – ஆக்சிஜனில், எரிந்த வாயு விநாடிக்கு சுமார் 4.5 கி.மீ. வேகத்தில் வெளியேறும். ராக்கெட்டும் அதே வேகத்தை எட்டணும் என்றால், கிளம்பும்போது எடை கடைசி எடையைப் போல 2.7 மடங்கு இருந்தால் போதும். அதைப் போல 2 மடங்கு வேகம் வேணும் என்றால் 7.4 மடங்கு. 10 மடங்கு வேகம் வேணும் என்றால் 22,000 மடங்கு. ஒளியின் வேகத்தில் வெறும் 1 சதவீதத்தைத் தொடணும் என்றால் வரும் எண்ணுக்கு கிட்டத்தட்ட 290 இலக்கங்கள். நம்மால் பார்க்க முடிந்த பிரபஞ்சத்தில் உள்ள மொத்த அணுக்களின் எண்ணிக்கையே சுமார் 80 இலக்கம்தான்.

அதாவது பிரபஞ்சம் முழுவதையும் எரித்தாலும் பத்தாது. பணமோ தொழிற்சாலையோ இந்தக் கணக்கை மாற்றாது. எரிபொருளையே மாற்றணும்.

அப்படியானால் வாயேஜர் எப்படி அந்த வேகத்தை எட்டியது? வியாழன், சனி கோள்களின் ஈர்ப்பை வாங்கிக்கொண்டு போனது. அதன் எடையும் ஒரு சின்ன காரின் எடைதான். உள்ளே சாப்பாடு, தண்ணீர், ஆட்கள் எதுவும் கிடையாது.

வேறு வழி யோசித்தவர்கள் இல்லையா?

நிறையப் பேர் யோசித்திருக்கிறார்கள்.

ஓரியன்: 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் தொடங்கிய திட்டம். கலத்துக்குப் பின்னால் அணுகுண்டுகளை வரிசையாக வெடித்து, அந்த உதையில் முன்னே போவது. 1963-ல் விண்வெளியில் அணு வெடிப்புக்குத் தடை விதிக்கும் ஒப்பந்தம் வந்தது. அதன் பிறகு திட்டம் நின்றது. அதில் பணியாற்றிய ஃப்ரீமன் டைசன், இந்த முறையில் பக்கத்து நட்சத்திரத்துக்கு சுமார் 130 ஆண்டுகளில் போகலாம் என்று பின்னர் கணக்குப் போட்டார்.

டேடலஸ்: 1973 முதல் 1978 வரை பிரிட்டிஷ் விண்வெளிப் பயணக் கழகம் காகிதத்தில் வடிவமைத்த கலம். அணுக்கரு இணைவு மூலம் ஒளியின் வேகத்தில் 12 சதவீதத்தை எட்டுவது இலக்கு. மொத்த எடை 54,000 டன், அதில் 50,000 டன் எரிபொருள். சுமார் 6 ஒளியாண்டு தூரத்தில் உள்ள பர்னார்டு நட்சத்திரத்துக்கு 50 ஆண்டுகள். அதில் ஆட்கள் கிடையாது. போய்ச் சேர்ந்த பிறகு நிற்கவும் முடியாது, கடந்து போய்க்கொண்டே இருக்கும்.

ஸ்டார்ஷாட்: 2016 ஏப்ரலில் தொழிலதிபர் யூரி மில்னரும் ஸ்டீபன் ஹாக்கிங்கும் சேர்ந்து அறிவித்த திட்டம். பூமியில் இருந்து மாபெரும் லேசர் கற்றையைப் பாய்ச்சி, ஒளி வேகத்தில் 20 சதவீதத்தில் தள்ளுவது. சுமார் 20 ஆண்டுகளில் போய்விடலாம். ஆனால் போகும் கலத்தின் எடை சில கிராம்தான். ஒரு சிம் கார்டு போகலாம், அதை வைத்திருக்கும் மனிதன் போக முடியாது.

மனிதர்களுக்கான கலம் 1,000 டன் என்று குறைவாகவே வைத்தாலும், அதை ஒளி வேகத்தில் 10 சதவீதத்துக்குக் கொண்டுவரத் தேவைப்படும் ஆற்றல், உலகம் முழுக்க ஓர் ஆண்டில் பயன்படுத்தும் மொத்த ஆற்றலில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு. அங்கே போய் பிரேக் போட இன்னொரு முக்கால் பங்கு. வழியில் 1 கிராம் தூசு மோதினால் அந்த வேகத்தில் அது சுமார் 100 டன் டிஎன்டி வெடிப்புக்குச் சமம்.

இதெல்லாம் கைகூடினால் பயண நேரம் சுமார் 42 ஆண்டுகள். 25 வயதில் கிளம்பியவர் 67 வயதில் இறங்குவார்.

ஒளி வேகத்தை நெருங்கினால் வயது ஏறாதா?

ஏறும், ஆனால் மெதுவாக. ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு சொல்வது இது. பூமியில் நாம் உணரும் ஈர்ப்பு அளவுக்கே கலம் பாதி வழி வரை தொடர்ந்து வேகம் கூட்டி, மீதிப் பாதி வழியில் அதே மாதிரி வேகம் குறைத்தால், உள்ளே இருப்பவருக்கு மூன்றரை ஆண்டுகளில் பிராக்ஸிமா வந்துவிடும். பூமியில் அதற்குள் சுமார் 6 ஆண்டுகள் ஓடியிருக்கும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படி வருடக்கணக்கில் நிற்காமல் தள்ளக்கூடிய எஞ்சின் எதுவும் இல்லை. சினிமாவில் வரும் 'வார்ப்' வேகத்துக்கு 1994-ல் மெக்சிகோ விஞ்ஞானி அல்குபியெர்ரே ஒரு கணித வடிவம் கொடுத்தார். அதற்குத் தேவை 'எதிர்மறை ஆற்றல்'. அப்படிப்பட்ட ஒன்றை அந்த அளவில் யாரும் கண்டதில்லை.

உடம்பு தாங்குமா?

விண்வெளியில் ஒரே மூச்சில் அதிக நாள் இருந்தவர் ரஷ்யாவின் வலேரி பொல்யகோவ். 1994-95-ல் 437 நாட்கள். சுமார் 8 நாள் பயணமாகக் கிளம்பிய சுனிதா வில்லியம்ஸ் 286 நாட்கள் கழித்து 2025 மார்ச்சில் திரும்பியதை எல்லோரும் பார்த்தோம். எடையற்ற நிலையில் எலும்பு மாதத்துக்கு சுமார் 1 சதவீதம் என்ற அளவில் தேய்கிறது. தசை இளைக்கிறது. பூமியின் காந்தப்புலத்துக்கு வெளியே போனால் கதிர்வீச்சு வேறு.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. விண்வெளி நிலையத்தில் வியர்வை, சிறுநீர் வரை சுத்திகரித்து 98 சதவீதம் தண்ணீரை மீட்கிறார்கள். 2023-ல் எட்டிய பெரிய சாதனை அது. ஆனால் 100 லிட்டரை அப்படித் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால், 35-வது சுற்றில் பாதிகூட மிச்சம் இருக்காது. விண்வெளி நிலையத்துக்கு சரக்குக் கலம் வரும். நட்சத்திரப் பாதையில் வராது.

தலைமுறை தலைமுறையாகப் போனால்?

ஒரு ஆயுளில் முடியாது என்றால், கலத்திலேயே பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்று, இறந்து, கடைசித் தலைமுறை மட்டும் போய்ச் சேர்வது என்று ஒரு யோசனை உண்டு. இதற்குக் குறைந்தது எத்தனை பேர் வேணும் என்று பிரான்ஸ் விஞ்ஞானி ஃப்ரெடெரிக் மரின் குழு 2018-ல் கணினியில் கணக்கிட்டது. பிராக்ஸிமாவைச் சுற்றும் கோளுக்கு 6,300 ஆண்டுப் பயணம். நெருங்கிய உறவுக்குள் திருமணம் நடந்து மரபணு கெடாமல் இருக்க, கிளம்பும்போது குறைந்தது 98 பேர்.

98 பேர் என்பது எவ்வளவு சின்னக் கூட்டம்? வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட் 17-ல் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். அதில் 190-ல் ஒரு பங்கு இது.

அந்த விடுதிக்கு அரிசி வெளியே இருந்து வருகிறது. தண்ணீரும் மின்சாரமும் வெளியே இருந்து வருகின்றன. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆம்புலன்ஸ் வரும். லீவு கிடைத்தால் ஊருக்குப் போகலாம். பிடிக்கவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பலாம். நட்சத்திரக் கலத்தில் இது எதுவுமே கிடையாது, 250 தலைமுறைக்கு.

இங்கேதான் இயற்பியலைத் தாண்டிய கேள்வி வருகிறது. முதலில் ஏறும் 98 பேர் விருப்பப்பட்டு ஏறுகிறார்கள். நடுவில் பிறக்கும் குழந்தைகளிடம் யார் கேட்டார்கள்? அவர்கள் பூமியையும் பார்க்க மாட்டார்கள், போகும் இடத்தையும் பார்க்க மாட்டார்கள். வேறு வேலை, வேறு ஊர் என்று தேர்வு செய்யவும் வழி இல்லை.

வீட்டுக்கு போன் பண்ணினால்?

ஒரகடத்தில் ஷிஃப்ட் முடித்து வரும் பெண்ணுக்கு ஊரில் இருந்து அம்மா வீடியோ கால் போட்டு "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டால், அடுத்த நொடி பதில் வரும். மகள் பிராக்ஸிமாவில் இருந்தால், அந்தக் கேள்வி போய்ச் சேர 4 ஆண்டு 3 மாதம். "சாப்ட்டேன்மா" என்ற பதில் திரும்பி வர இன்னொரு 4 ஆண்டு 3 மாதம். கேள்வி கேட்டபோது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, பதில் வரும்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கும். எந்த 5ஜியும் 6ஜியும் இதைக் குறைக்காது. ரேடியோ அலையும் ஒளி வேகத்தில்தான் போகும்.

இப்போதே கிளம்பணுமா, காத்திருக்கணுமா?

இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆண்ட்ரூ கென்னடி என்ற ஆய்வாளர் 2006-ல் 'காத்திருப்புக் கணக்கு' என்று அதை வெளியிட்டார். இன்று ஒரு கலம் பல ஆயிரம் ஆண்டுப் பயணமாகக் கிளம்புகிறது. 100 ஆண்டு கழித்து அதைவிடப் பல மடங்கு வேகமான கலம் கண்டுபிடிக்கப்படுகிறது. பின்னால் கிளம்பியவர்கள் முன்னால் போய் குடியேறிவிடுவார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தியாகம் செய்த முதல் கலம் கடைசியில் போய்ச் சேரும்.

அதற்காகக் காத்துக்கொண்டே இருந்தால் யாரும் கிளம்பவே மாட்டார்கள். தொழில்நுட்ப வளர்ச்சி எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதைப் பொறுத்து, கிளம்பச் சரியான காலம் ஒன்று இருக்கிறது என்பதுதான் அவர் வாதம். இன்றைய வேகங்களை வைத்துப் பார்த்தால் அந்தக் காலம் இன்னும் வரவில்லை.

இந்தியா எங்கே நிற்கிறது?

சந்திரயான்-3 நிலாவில் இறங்க 40 நாட்கள் எடுத்தது. மங்கள்யான் பூமியின் சுற்றுப்பாதையை விட்டுக் கிளம்பி செவ்வாயை அடைய 298 நாட்கள். இரண்டிலும் ஆட்கள் இல்லை. 2025 ஜூன் 25-ல் கிளம்பிய சுபான்ஷு சுக்லா, சர்வதேச விண்வெளி நிலையத்தில் 18 நாட்கள் தங்கி ஜூலை 15-ல் திரும்பினார். அவரோடு ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான 4 பேரில் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் ஒருவர். ககன்யானின் இலக்கு 3 பேர், 400 கி.மீ. உயரம், 3 நாட்கள். ஒரகடம் அளவுகோலில் அந்த 400 கி.மீ. ஒரு தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது.

குறைத்துச் சொல்ல இதைச் சொல்லவில்லை. 3 நாள் மனிதனை உயிரோடு வைத்திருந்து பத்திரமாக இறக்கத் தெரிந்த பிறகுதான் 300 நாள், 3,000 நாள் எல்லாம். அந்தப் படிகள் தமிழ்நாட்டிலும் போடப்படுகின்றன. மகேந்திரகிரியில் எஞ்சின் சோதனை நடக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. சென்னையின் அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக 3டி பிரிண்ட் செய்த எஞ்சினுடன் 2024 மே 30-ல் ராக்கெட் ஏவியது. விண்வெளித் தொழிலில் 10,000 கோடி ரூபாய் முதலீட்டை இலக்காக வைத்து 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு கொள்கை வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதிக்கு இதில் கிடைக்கப்போகும் வேலை செயற்கைக்கோள், ராக்கெட் பாகம், மின்னணுக் கருவிகள் சார்ந்தது. நட்சத்திரக் கப்பல் அந்தப் பட்டியலில் இல்லை.

சுருக்கமாக என்ன?

மனிதர்கள் இதுவரை போன வேகத்தில் பக்கத்து நட்சத்திரத்துக்கு 1 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். காகிதத்தில் மட்டும் இருக்கும் எஞ்சின்கள் நிஜமானால் 40 முதல் 130 ஆண்டுகள் ஆகலாம். 4 ஆண்டு 3 மாதத்துக்கும் குறைவாக, பூமியில் இருப்பவர் கடிகாரப்படி யாராலும் போக முடியாது.

அடுத்த முறை 'புதிய பூமி கண்டுபிடிப்பு' என்று ஃபார்வேர்டு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை ஒளியாண்டு? எந்த வேகத்தில் போவதாகச் சொல்கிறார்கள்? போவது மனிதனா, கருவியா? ஒளியாண்டு எண்ணை 18,000-ஆல் பெருக்கினால், வாயேஜர் வேகத்தில் ஆகும் ஆண்டுகள் தோராயமாகக் கிடைத்துவிடும். அதைப் பார்த்த பிறகும் ஃபார்வேர்டு செய்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.